கூரை மேல் மணல்

ஒன்பது வயதில் என்னுடைய வாழ்நாள் இலட்சியம், ஏழைகள் விடுதியொன்றின் நோயாளர் அறையில் கட்டில் பிடிப்பது. மற்றப் பிள்ளைகள் விமானம் ஓட்ட ஆசைப்பட்ட வயது அது. இதைவிடக் கேவலமான இலட்சியத்தோடு மொன்றியலில் வேறு யாரும் வளர்ந்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஆனால் என் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. செயின்ட்-மிஷேலில் எங்கள் சின்ன வீட்டில் நான் மாமாவோடு ஒரே மெத்தையில் படுத்தேன். மாமா நித்திரையில் உதைபந்து விளையாடுகிறவர். ஜூலை முதலாம் திகதி, ஊரே வீடு மாறுகிற நாளில், அவர்தான் தெருவோரக் குவியலுக்குள்ளிருந்து கண்ணாடிச் சட்டம் போட்ட அந்தப் பழைய படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாமான் வைக்கத் தட்டு அடிக்கிறேன் என்று வெளிக்கிட்டு அவர் சுவரில் போட்ட ஓட்டையை அது அளவாக மறைத்தது.

படத்தில் நீளமான மண்டபம். இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள், வெள்ளை விரிப்பு, நடுவில் கன்னியாஸ்திரிகள். ஒரு ஆளுக்கு ஒரு கட்டில்! நான் அதை ஹொட்டேல் என்று முடிவு செய்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் கடைசிக் கட்டில் மட்டும் வெறுமையாக, விரிப்பு மடிப்புக் குலையாமல் இருந்தது. அதை எனக்கென்று ஒதுக்கிக்கொண்டேன். பக்கத்துக் கட்டிலில் கிடந்த கிழவி பயணக் களைப்பில் படுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் சின்னம்மாவுக்குக் கலியாணம் பேசினார்கள். சின்னம்மா பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். அது முடிய நேர்ஸ் படிப்பு என்று நினைப்பு. "படிச்சு முடியட்டும் அக்கா" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. அம்மாவுக்குக் கேட்கவில்லை. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்ததால், மூன்றாவதைத் தப்பவிடக் கூடாது என்பதைத் தவிர அம்மாவுக்கு அப்போது எதுவும் கேட்காது.

ஆற்றுக்கு அப்பால் லவாலிலிருந்து மாப்பிள்ளையும் தாய் தகப்பனும் வந்து, தெருவில் எடுத்த சோபாவில் உட்கார்ந்தார்கள். தகப்பனுக்குக் கண் நேரே படத்துக்குப் போனது.

"இதென்ன, ஆஸ்பத்திரியோ? உங்கடை ஆக்கள் ஆரும் வருத்தக்காரரோ?"

பரம்பரை நோய் என்ற சந்தேகம் ஒன்றே போதும், சம்பந்தம் வாசலோடு திரும்பிவிடும். அம்மாவின் முகத்தில் இரத்தமே இல்லை. மாமா இடையில் பாய்ந்தார்.

"சீச்சீ! எங்கடை பாட்டா டொக்டரா இருந்த ஆஸ்பத்திரி. ஊரிலை."

பாட்டா சுருட்டுக் கொட்டிலில் சுருட்டுச் சுற்றியவர். தகப்பன் எழும்பிப்போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"யன்னலுக்கு வெளியிலை வெள்ளையாக் கிடக்கு?"

"அது மணல். கடற்கரைப் பக்கம்."

"மணல் கூரையிலையும் ஏறிக் கிடக்கே, தம்பி?"

"அந்த நாளையிலை காத்து அப்பிடி, ஐயா."

அப்போதுதான் தேத்தண்ணித் தட்டோடு சின்னம்மா வந்தார். பொம்பிளை பார்க்கும் சடங்கில் பொம்பிளைக்கு வசனம் கிடையாது. சின்னம்மா தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணை சொல்லுறது பொய். இது இந்த ஊர்தான், வெளியிலை கிடக்கிறது ஸ்னோ. கீழை பிரெஞ்சிலை எழுதிக் கிடக்கு. ஆருமில்லாத ஏழையளை வைச்சிருந்த இடம். ஏலாமல் போனால் இந்த அறைக்குக் கொண்டு வருவினம். அனேகம் பேர் திரும்பிப் போறேல்லை. அண்ணை குப்பையிலை எடுத்தவர். எங்கடை பாட்டா சுருட்டுச் சுத்தினவர்."

மாமா வாயைத் திறந்தபடியே இருந்தார். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். எனக்கோ பாட்டாவும் கலியாணமும் மறந்துபோய்விட்டன. என்னுடைய கட்டிலைப் பார்த்தேன். அது ஏன் வெறுமையாக இருக்கிறது என்று முதல் முறையாக விளங்கியது. பக்கத்துக் கட்டில் கிழவி களைத்துப் படுத்திருக்கவில்லை. அந்த வெறும் கட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை நாளும் அங்கே போகவல்லவா ஆசைப்பட்டேன்!

முதலில் மாப்பிள்ளையின் தாய்தான் வாய் திறந்தார்.

"மூண்டு வீடு பாத்திட்டம். மூண்டிலையும் பாட்டாமார் டொக்டர்மார். உண்மை கதைக்கிற பிள்ளை இதுதான். எங்களுக்கு இவ போதும்."

மாப்பிள்ளை வெட்கப்பட்டுச் சிரித்தார். மாமா, தான் எல்லாம் திட்டமிட்டே செய்தது போலக் காலுக்கு மேல் கால் போட்டார். சின்னம்மா மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு, யாரோ கன்னத்தில் அறைந்தது போல நின்றார். அவருடைய விருப்பத்தை ஒருவரும் கேட்கவில்லை. பிறகு குசினிக்குள் போய்த் தண்ணீர்ப் பைப்பை முழுதாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதார்.

"சந்தோசத்திலை அழுகிறாள்" என்றார் அம்மா.

நானும் அப்படியே நம்பினேன். நம்பியது மட்டுமா, வாய்மை வென்ற கதையாகப் பல மேடைகளில் இதைச் சொல்லிக் கைதட்டும் வாங்கியிருக்கிறேன். அந்த வாய்மை எதை வெல்லப் புறப்பட்டது என்பது இத்தனை புத்தகம் படித்த எனக்குத் தலை நரைத்த பிறகுதான், போன மாரியில், வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தபோது உறைத்தது. மண்வாரியை அப்படியே போட்டுவிட்டு லவாலில் சின்னம்மா வாழ்க்கைப்பட்ட வீட்டுக்குக் காரை விட்டேன். சின்னம்மா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு நீங்கள் அந்தக் கலியாணத்தைக் குழப்பத்தானே அப்பிடிக் கதைச்சனீங்கள்?"

சின்னம்மா நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"உனக்கு இப்பதானோடா விளங்கினது? மெல்லக் கதை. உள்ளுக்கை ரீவி பாத்துக்கொண்டிருக்கிற மனிசனுக்கு இன்னும் விளங்கேல்லை."