புங்கமரத்தடியில் நின்றவர்

மதராஸ் நண்பர்களே, இன்று நடந்ததைச் சூட்டோடு சொல்லிவிடுகிறேன்.

டிராயிங் மாஸ்டராகச் சங்கரன்கோவில் வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பேச ஆள் கிடையாது. இன்று காலை ரயிலடிக்கு வெளியே உட்கார்ந்து, பங்குனித் தளிர் விட்ட புங்கமரத்தை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினேன். பச்சையை வண்ணம் பூசும் கத்தியால் தடிமனாக அப்பினேன். வானத்துக்கு மஞ்சள் கொடுத்தேன்.

தென்காசி ரயிலுக்குக் காத்திருந்த வியாபாரி ஒருவர் பின்னால் வந்து நின்றார். வானத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

“என்ன அண்ணாச்சி, இம்புட்டுப் பெரிய படத்துல ஒரு ஆளைக்கூடக் காணலியே?”

“யாரும் வரலையே” என்றேன்.

“அதான் நான் வந்திருக்கேம்லா! அங்கன போய் நிக்கேன், வரையுங்க.”

நிஜமாகவே மரத்தடிக்குப் போய், துண்டைச் சரிசெய்துகொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார். நான் தூரிகையை எடுத்தேன்.

வேட்டியும் தோளும் முடிந்தபோது ரயில் வந்துவிட்டது. “வாரேன் அண்ணாச்சி!” என்று ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

படம் இப்போது என் அறையில், ஈரம் காயாமல் சாய்ந்திருக்கிறது. அவருக்கு இன்னும் முகமில்லை.

எண்ணெய் காய நாளாகும். அதற்குள் உங்களில் யார் வந்து அந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறீர்கள்?