மிதிக்காமல் விட்ட கர்ப்பூரம்

அந்தக் காட்டை எரித்தவன் நான்தான். அல்லது... நானாக இருக்கலாம். இந்த ‘அல்லது’வைத்தான் இத்தனை ஆண்டுகளாகக் கட்டிக்கொண்டு அழுகிறேன்.

குழப்பிப் பேசுகிறான் என்று நினைக்காதீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள். எனக்கு அது பிடிபடவில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு கோடை. மொன்றியலில் மழை என்பதே இல்லை. ஜான்-டலோன் சந்தையில் நான் வேலை செய்த மரக்கறிக் கடையில், கீரைக்கட்டுகள் மத்தியானத்துக்கு முன்பே வாடிவிடும். அந்தக் கோடையில்தான் என் மனைவியின் தம்பி ராசன், காட்டுத்தடங்களில் ஓட்டுகிற நாலுசில்லு வண்டி ஒன்றை வாங்கினான். பழைய வண்டிதான். ஆனால் அவனுக்குப் புதிது. அதைப் பிக்-அப் ஒன்றில் ஏற்றிக்கொண்டு, அவனும் நானும் வடக்கே அரசாங்கக் காட்டுக்குப் போனோம்.

தடம் தொடங்கும் இடத்தில் ஒரு பலகை நின்றது. வெளியில் நெருப்பு மூட்டத் தடை. அபாயம் காட்டும் முள் சிவப்பில் நின்றது. இருவரில் பிரெஞ்சு தெரிந்தவன் நான்தான், வாசித்துச் சொன்னேன்.

“அப்ப இறைச்சி வாட்டேலாதோ, அத்தான்?”

“ஏலாது. றொட்டியும் சம்பலும் கிடக்கு. அதைத் தின்னுவம்.”

கரிப்பையை நாங்கள் இறக்கவே இல்லை. சட்டத்தை மதிக்கிறவன் என்று என்னைப் பற்றி எனக்குப் பெருமைகூட இருந்தது. தடத்தை விட்டு விலகாதே, சதுப்புக்குள் வண்டியை விடாதே என்று ராசனுக்கு உபதேசமும் செய்தேன். அவன் சிகரெட் ஒன்றைப் பற்றவைத்தபோது, கட்டையை வெறும் சோடாத் தகரப் பேணிக்குள் போடச் சொன்னதும் நான்தான். அவனும் போட்டான். கண்டேன்... கண்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு, புது வண்டிக்குச் செய்கிற வழக்கப்படி, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தேன். தேங்காயின் மேல் கர்ப்பூரம் கொளுத்தினேன்.

அது நெருப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை! நம்புவீர்களா? விறகில் எரிவது நெருப்பு, கரியில் எரிவது நெருப்பு. கர்ப்பூரம் சாமி காரியம் அல்லவா? தடையை வாசித்த அதே வாயால் தேவாரமும் முணுமுணுத்தேன்.

வண்டியை மூன்று முறை சுற்றித் தேங்காயைக் கல்லில் அடித்தேன். சரிபாதியாக உடைந்தது. நல்ல சகுனம் என்று ராசன் சிரித்தான். கர்ப்பூரம் எரிந்தபடியே தெறித்துக் காய்ந்த பாசிக்குள் விழுந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

மிதித்திருக்கலாம். ஆனால் சப்பாத்துக் காலால் கர்ப்பூரத்தை மிதிப்பதா? கையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. ஊற்றியிருக்கலாம். புது வண்டியின் முதல் ஓட்டத்திலேயே தண்ணீர் ஊற்றி அணைத்தால் அபசகுனம் ஆகாதா? தானாக அணையட்டும் என்று நினைத்தேன். தேங்காய்ப் பாதிகளைச் சம்பலுக்கு ஆகும் என்று பிக்-அப்பில் போட்டுவிட்டு, ராசனின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது தடம் தொடங்கிய பக்கம் முழுவதும் புகை. பிக்-அப் தப்பியிருந்தது. ஒரு சரிவின் மரங்களும், யாரோ ஒரு வேட்டைக்காரரின் குடிலும் தப்பவில்லை. உயிர் ஒன்றும் போகவில்லை... மனித உயிர்.

வன அலுவலர் எங்களை மறித்தார். நெருப்பு மூட்டினீர்களா என்று பிரெஞ்சில் கேட்டார். இல்லை என்றேன். அது பொய் என்றுகூட அந்த நேரம் எனக்கு உறைக்கவில்லை. யாராவது புகைத்தீர்களா என்று கேட்டார். அப்போதுதான் எனக்குள் கர்ப்பூரம் எரிந்தது. என் வாயோ, ‘இவர்’ என்று சொல்லிவிட்டது.

“என்னவாம், அத்தான்?”

“சிகரெட் பத்தினனியோ எண்டு கேக்கிறார்.”

“ஓம், பத்தினனான். பேணிக்குள்ளதானே போட்டனான்...” அவன் முகம் மாறியது. “போட்டனானோ?”

அந்தச் சந்தேகத்தை அவனுக்குள் விதைத்தவன் நான். தண்டம் அவனுக்கு. பழியும் அவனுக்கு. வண்டியை விற்றான், சிகரெட்டை விட்டான். எங்கள் சனத்துக்குக் கேட்கவா வேண்டும்? ‘நெருப்பு ராசன்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவனுடைய மகளின் பிறந்தநாளில் மெழுகுதிரி கொளுத்தும்போது, “ராசனிட்ட நெருப்புப்பெட்டியைக் குடுத்திடாதேங்கோ” என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மகள் தகப்பனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சில நாட்களில் எனக்கு நானே வக்கீலாகிவிடுவேன். கர்ப்பூரம் அணைந்துதான் இருக்கும், சிகரெட்தான் காரணம். இல்லாவிட்டால் வண்டியின் சூடான புகைக்குழாயில் ஒட்டிய காய்ந்த புல்... அதுவும் நடக்குமாமே? அப்படியானால் ஏன் இன்றுவரை மனைவியிடம்கூடக் கர்ப்பூரத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை? வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோல அந்த ஒரு கேள்வி இறங்குகிறது.

சில ஆண்டுகளின் பின் ராசன் ஒரு கார் வாங்கினான். மொன்றியலின் மேற்கே, பியர்பொன்ட்ஸில் அவனுடைய வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டான்.

“நீங்களே தேங்காயை உடையுங்கோ, அத்தான். உங்கட கை ராசியான கை.”

என்னால் மறுக்க முடியவில்லை. என்ன காரணம் சொல்வேன்? கொளுத்தினேன், சுற்றினேன், அடித்தேன். கர்ப்பூரம் தெறித்துப் புல்லின் ஓரத்தில் விழுந்து எரிந்தது. என் கால் அன்றுபோலவே அசையவில்லை.

ராசன் ஒரு வாளித் தண்ணீரோடு பக்கத்தில் நின்றிருந்தான். தயங்காமல் நடந்துபோய்க் கர்ப்பூரத்தின் மேல் ஊற்றினான்.

“சாமி குறை நினையாது, அத்தான். எனக்கு இப்ப நெருப்பெண்டாப் பயம்.”

சொல்லிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தானா? அவனுக்குத் தெரியுமா? தெரிந்துதான் கூப்பிட்டானா... அல்லது அது வெறும் பார்வையா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

“ஓம்” என்றேன். அவன் வாளியைக் கொண்டுபோய்ச் சுவரோரம் கவிழ்த்து வைத்தான்.

இதோ, இப்போதுகூட உங்களிடம்தான் சொல்கிறேன். அவனிடம் அல்ல.