லண்டனுக்குப் போகாத பூட்ஸ்

இந்த நாட்டுக் கால்பந்து அணி சர்வதேசப் போட்டிகளில் ஆடிய ஆட்டங்களை என்னைவிட நன்றாகச் சொல்லத் தெரிந்த பெண்பிள்ளை திருவனந்தபுரத்தில் இருந்தால் அவளை நான் பார்க்க வேண்டும். லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸிடம் தோற்றது, டில்லியில் ஆசியத் தங்கம் வாங்கியது, ஹெல்சிங்கியில் குளிரில் வெறுங்காலோடு நின்று பத்து கோல் வாங்கிக்கொண்டு வந்தது, மெல்போர்னில் நாலாவதாக வந்தது எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். என் பிள்ளைகள் இதை வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஒரு வேடிக்கையாகச் சொல்வார்கள். நானும் சிரித்துவைப்பேன். ஒரு ஆட்டத்தைக்கூட நான் மைதானத்தில் போய்ப் பார்த்ததில்லை. கால்பந்தை நான் கற்றுக்கொண்டது எங்கள் கிணற்றடியில்.

கிழக்கேகோட்டைக்குள் அக்கிரகாரத் தெரு ஒன்றில் எங்கள் வீடு. அப்பா இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அம்மா, அண்ணா, நான், மூன்றே பேர். எனக்குப் பதினெட்டு வயது, காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணாவுக்கு இருபத்தொன்று. சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா என்று பெயர், ஆனால் அவனை வேலைக்கு எடுத்ததே அந்த ஆபீஸ் டீமில் ஆடத்தான். அம்மாவுக்கு அவன் விளையாடுவதில் ஆட்சேபம் இல்லை. பந்து தோலால் செய்தது என்பதுதான் பிரச்சினை. தோலை உதைத்தும் தலையால் முட்டியும் வந்தவன் குளிக்காமல் வீட்டுக்குள் வரக்கூடாது, குளிப்பதற்கு முன்னால் கிணற்றுக் கயிற்றையும் தொடக்கூடாது. அதனால் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அவன் பின்பக்கச் சந்து வழியாகக் கொல்லைக்கு வந்து துவைக்கிற கல்லில் உட்காருவான். நான் தண்ணீர் இறைத்து அவன் தலையில் ஊற்றுவேன்.

நான் ஊற்ற ஊற்ற அவன் அன்றைய ஆட்டத்தைச் சொல்வான். யார் பந்தை யாருக்குக் கொடுத்தார்கள், எங்கே ஏமாந்தார்கள், பெனால்டிக்கு ஓடி வரும்போது கோலியின் கண்ணைப் பார்க்காமல் முழங்காலை ஏன் பார்க்க வேண்டும், எல்லாம். டீமில் பெனால்டி அடிக்கிறவன் அவன்தான். ஒன்றுகூட விட்டதில்லை என்று அவனே சொல்லிக்கொள்வான். தலையைத் துவட்டாமல் அப்படியே உள்ளே நடப்பான். கொல்லை வாசலிலிருந்து கூடம் வரை சிவப்புத் தரையில் ஈரக் கால்தடம் விழும். அதைத் துடைப்பதும் என் வேலைதான். முணுமுணுத்துக்கொண்டே துடைப்பேன்.

அந்த வருஷம் லண்டனில் ஒலிம்பிக். சுதந்திரம் வந்தபிறகு நம் அணி முதல்முதலாக வெளியே போகிறது என்று ஊரெல்லாம் அதே பேச்சு. கும்ப மாசத்தில், அதாவது மாசியில், பட்டாளத்து டீமோடு இங்கே ஒரு ஆட்டம் ஏற்பாடாகியிருந்தது. அதைப் பார்க்க வடக்கேயிருந்து ஒருவர் வருகிறார், பிடித்துப்போனால் தேர்வு முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பத்து நாள் முன்னால் ஒரு சாயங்காலம் அண்ணா ஒரு பொட்டலத்தோடு வந்தான். உள்ளே ஒரு ஜோடி பூட்ஸ். அவன் காலுக்குச் சரியாக இருக்கும் என்று டீம் கேப்டன் எங்கேயோ தேடி வாங்கித் தந்தது.

"வெளிநாட்டுத் தோலாக்கும்" என்றான். "லண்டன்ல புல்லு எப்பவும் நனஞ்சே கிடக்குமாம். வெறுங்கால் வழுக்கும். இப்பவே போட்டுப் பழகணும். அம்மாகிட்டச் சொல்லிடாதே."

அம்மாவுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான். பந்தாவது மைதானத்தோடு நின்றுவிடும். இது வீட்டு எல்லைக்குள் வந்த தோல். கொல்லையில் விறகுக்குப் பின்னால் தென்னமட்டைக் குவியலுக்கு அடியில் அதை ஒளித்து வைத்தோம். பார்த்துக்கொள் என்று என்னிடம் ஒப்படைத்தான். அம்மா கோயிலுக்குப் போகிற நேரமாகப் பார்த்து அதைப் போட்டுக்கொண்டு, கொல்லைச் சுவரில் துணிப்பந்தை உதைப்பான். தொம், தொம் என்று கேட்கும்.

ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் அப்பாவின் சிரார்த்தம் வந்தது. இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தின வருஷம் சிரார்த்தத்தன்று பிண்டத்தை வைத்துவிட்டு எவ்வளவோ நேரம் காத்திருந்தும் காக்காய் வரவில்லை. வந்த ஒன்றும் சுவரில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பறந்துபோயிற்று. வீட்டில் எங்கேயோ சுத்தம் போதவில்லை, அதனால்தான் அப்பா பிண்டத்தைத் தொடவில்லை என்று வாத்தியார் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் காலேஜில் சயன்ஸ் படிக்கிறவள், காக்காய்க்குப் பசியில்லை என்றால் வராது என்று வாய் கிழியப் பேசினேன். ஆனால் உள்ளூர நானும் பயந்துதான் போயிருந்தேன்.

இந்தத் தடவை கொல்லையில் இரண்டு பூட்ஸ் இருக்கிறது. சிரார்த்தச் சமையலுக்கான தண்ணீர் அந்தக் கிணற்றிலிருந்துதான் வர வேண்டும், பிண்டம் வைப்பதும் அந்தக் கொல்லையில்தான். முதல் நாள் மத்தியானம் எனக்குத் தாங்கவில்லை. அண்ணா ஆபீஸில். தேங்காய் பறிக்கிற துரட்டியை எடுத்தேன், கையால் தொடாமல் வாரில் மாட்டித் தூக்கி, ஒவ்வொன்றாகச் சுவருக்கு அந்தப் பக்கம் சந்தில் போட்டேன். மறுநாள் சிரார்த்தம் முடிந்ததும் எடுத்துவந்து பழைய இடத்தில் வைத்துவிடுவது என் திட்டம். ஒரே நாள்தானே, தோட்டிச் சந்துக்கு யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு குளித்தேன்.

மறுநாள் பிண்டத்தை வைத்துவிட்டு நாங்கள் திரும்பக்கூட இல்லை, காக்காய் இறங்கிவிட்டது. ஒன்றல்ல, நாலைந்து. அம்மா கையைக் கூப்பிக்கொண்டு அழுதாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. வாத்தியார் போனதும் சந்துக்கு ஓடினேன். பூட்ஸ் இல்லை.

புது பூட்ஸை ஒரு நாள் முழுக்கத் தெருவில் போட்டுவைத்தால் இருக்குமா என்று இன்றைக்கு யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. மடியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவளுக்குத் திருட்டைப் பற்றி நினைப்பே வரவில்லை.

சாயங்காலம் அண்ணா மட்டைக் குவியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். நாய் ஏதாவது இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று சொன்னேன். அவன் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன். "போறது, கால் இருக்கே" என்றான், அவ்வளவுதான். நான் முந்தின நாள் அவசரத்தில் கொல்லைச் சுவரிலேயே சாய்த்துவிட்டு வந்த துரட்டி அன்று விளக்கு வைக்கும்போது அதன் வழக்கமான மூலையில் இருந்தது. அம்மா எடுத்துவைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்டத்தில் அண்ணா வெறுங்காலோடு ஆடினான். பட்டாளத்துக்காரர்கள் எல்லோரும் பூட்ஸ். ஒரு கோல் போட்டான், வடக்கேயிருந்து வந்தவர் எழுந்து நின்று பார்த்தாராம். அதற்குப் பிறகு ஒருவனுடைய பூட்ஸ் ஆணி அவன் வலது காலில் முழுசாக இறங்கியது. துணியைக் கட்டிக்கொண்டு கடைசிவரை ஆடிவிட்டு, நொண்டிக்கொண்டே சந்து வழியாக வந்து கல்லில் உட்கார்ந்தான். நான் தண்ணீர் ஊற்றினேன். காலைச் சுற்றித் தண்ணீர் சிவப்பாக ஓடியது. அவனுக்கு வலியைவிடக் குஷிதான் அதிகம், முகாமுக்கு வரச்சொல்லிக் கடிதம் வரும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார்களாம். எனக்கு அப்பாடா என்று இருந்தது. பூட்ஸ் இல்லாமலேயே காரியம் நடந்துவிட்டது என்று நினைத்தேன்.

எட்டாம் நாள் காலையில் காபியைக் குடிக்க அவனால் வாயைத் திறக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டெட்டனஸ் என்றார்கள். குதிரைகள் நடமாடுகிற மைதானம், அந்த மண் புண்ணுக்குள் போயிருக்கிறது என்றார் டாக்டர். மூன்று நாள் இருந்தான். அந்த மூன்று நாளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. முகாமுக்கு வரச்சொன்ன கடிதம் பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்தபிறகு வந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை நம்புகிறவர்கள் நம்பட்டும். சாயங்காலம், அண்ணா வருகிற நேரம், கூடத்துத் தரையில் ஈரம் இருக்கும். கொல்லை வாசலிலிருந்து உள்ளே வரும் கால்தடம். இடது கால் முழுதாக, வலது கால் குதிகால் மட்டும். தினமும் இல்லை, நான் தனியாக இருக்கும்போது, அதுவும் வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ. துணியை எடுத்துவந்து துடைப்பேன். பயம் என்று சொல்ல மாட்டேன். அவன் என்னைக் கேட்க வருகிறான் என்று நினைத்தேன். பூட்ஸ் எங்கே என்று கேட்டால் இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். சுவரில் தொம், தொம் என்று கேட்கும், போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. எனக்குத்தான் புத்தி கலங்கிவிட்டது என்று தீர்மானித்திருந்தேன், ஒரு நாள் அம்மா கூடத்தில் நின்றுகொண்டு, "யாருடி ஈரக்காலோட வந்தது?" என்று கேட்கும்வரை.

நான்தான் என்று சொன்னேன்.

ஆடி மாசம் பாதியில் லண்டனில் ஆட்டம் நடந்தது. இரண்டு மூன்று நாள் கழித்து அண்ணாவோடு டீமில் ஆடியவர் ஒருவர் பேப்பரை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் தெரு வழக்கம் தெரிந்தவர், வாசற்படிக்குக் கீழேயே நின்றுகொண்டார். பிரான்ஸோடு இரண்டுக்கு ஒன்று என்று தோற்றுவிட்டோம், அதுவும் முடிகிற நேரத்தில் வாங்கிய கோல் என்று அம்மாவுக்குப் புரியும்படி சொன்னார். நமக்கு இரண்டு பெனால்டி கிடைத்தது, இரண்டும் போய்விட்டது என்றார். அண்ணா இருந்திருந்தால் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததே எனக்குக் காதில் விழுந்தது. அந்த இரண்டு பெனால்டியையும் அன்றிலிருந்து நான் எத்தனை ஆயிரம் தடவை அண்ணாவை அடிக்கவைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள், வெள்ளைக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள் என்று பேப்பரில் பெருமையாகப் போட்டிருந்தது. அம்மாவுக்கு அது பெரிய ஆறுதல். நம் ஆத்துப் பிள்ளையும் அப்படித்தானே ஆடினான் என்று அவள் கேட்டாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, டீம் ரூம்ல அவன் போட்டோ வச்சிருக்கோம். அந்த பூட்ஸையும் அதுக்குக் கீழ வச்சா நல்லாருக்கும்ணு கேப்டன் சொன்னாரு. அன்னைக்கு ஏன்டா போட்டுட்டு வரலைண்ணு நான் அவன்கிட்ட கேட்டேன். என் தங்கச்சி எடுத்து பத்திரமா வச்சிருக்கா, லண்டன் போறப்ப தருவாண்ணு சொன்னான்."

துரட்டியை மூலையில் வைத்தது யார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் கல்லில் உட்கார்ந்து தலையைக் குனிந்து என்னைத் தண்ணீர் ஊற்றவிட்டிருக்கிறான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் இத்தனை வருஷம் பிழைத்திருப்பது சுலபமாக இருந்திருக்கும்.

இருக்கிறது, ஆனால் தருவதற்கு மனசு வரவில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் பேப்பரைப் படியில் வைத்துவிட்டுப் போனார். அம்மா என்ன பூட்ஸ் என்று கேட்கவில்லை, தோலா என்று கேட்கவில்லை.

"கொல்லையிலே போட்டு வெச்சிருக்கியா?" என்றாள். "மழையிலே நனைஞ்சுடும். உள்ளே கொண்டுவா. அவன் ரூம்லே வை."

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். தோலை வீட்டுக்குள் கொண்டுவரச் சொன்ன அம்மாவிடம், மடிக்காக அதைத் தூக்கி எறிந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? சிநேகிதி வீட்டில் இருக்கிறது, வாங்கிவருகிறேன் என்று சொன்னேன். ஆரியசாலைப் பக்கம் பட்டாளத்துக்காரர்களுக்கு பூட்ஸ் தைத்துக் கொடுக்கிற ஒருவர் இருந்தார். காலேஜ் விட்டு வரும் வழியில் அவரிடம் போய் நின்றேன். பந்தாடுகிற பூட்ஸ் வேண்டும் என்றதும், ஆளைக் கூட்டிவந்தால்தான் அளவு எடுக்கலாம் என்றார். ஆள் ஊரில் இல்லை என்று சொல்லி, என் கையை அவருடைய பலகையில் விரித்து வைத்து, ஒரு சாணும் நாலு விரலும் என்று காட்டினேன். எத்தனை தடவை துடைத்த கால்தடம். அளவு எனக்குத் தெரியாதா?

ஒரு வாரத்தில் தைத்துக் கொடுத்தார். இந்தத் தடவை துரட்டி இல்லை. இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சந்து வழியாக அல்ல, வாசல் வழியாக உள்ளே வந்தேன். அம்மா கையை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வார்களைத் தடவினாள், அதற்கடியில் இருந்த தோல் நாக்கைத் தடவினாள். பிறகு ஒன்றைத் திருப்பி அடிப்பாகத்தில் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"மண்ணே படலையேடி" என்றாள். "ஒரு நாள்கூடப் போட்டுக்கலையா என் குழந்தை?"

இல்லை என்று சொன்னேன். அம்மா முந்தானையை எடுத்து, அழுக்கே இல்லாத அந்த பூட்ஸை மெள்ளத் துடைக்க ஆரம்பித்தாள்.