மஞ்சள் வீட்டுச் சமையற்காரியின் சாட்சியம்

வெர்னா ஸ்டோல்ட்ஸ் பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டவள். இண்டியானாவில் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பல்கலைக்கழகம்தான் சோறு போடுகிறது. அவளோ அந்தப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள்.

அவள் வேலை பார்த்தது ஒரு மாணவியர் சங்கத்தின் விடுதியில். ஒருவரையொருவர் ‘சகோதரி’ என்று கூப்பிட்டுக்கொள்ளும் அறுபத்திரண்டு பெண்கள் அங்கே தங்கியிருந்தார்கள். வாசலுக்கு மேலே சங்கத்தின் பெயராக மூன்று கிரேக்க எழுத்துகள் இருந்தாலும் ஊரில் யாரும் அவற்றை உச்சரித்துச் சிரமப்பட்டதில்லை. செங்கல்லின் நிறத்தை வைத்து மஞ்சள் வீடு என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டின் அடுப்படி பதினெட்டு வருஷம் வெர்னாவின் கையில் இருந்தது. மசித்த உருளைக்கிழங்கின் மேல் அவள் ஊற்றித் தரும் கோழி நூடுல்ஸுக்காகவே வியாழக்கிழமைகளில் எந்தப் பெண்ணும் வெளியே சாப்பிடப் போகமாட்டாள். யாருக்கு வேர்க்கடலை ஆகாது, யாருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அலமாரிக் கதவின் உட்புறம் சீட்டுச் சீட்டாக ஒட்டியிருக்கும். அவள் அதைப் பார்ப்பதே இல்லை. எல்லாம் மனப்பாடம்.

அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவர்களில் மேரன் டூஃப்ரேன் என்று ஒரு பெண். சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய். நாள் தவறாமல் இன்சுலின் போட்டுக்கொள்பவள். வெர்னாவின் அக்காவுக்கும் அதே வியாதி என்பதால் மேரனுடைய சீட்டை அவள் மற்றச் சீட்டுகளுக்கு மேலே ஒட்டியிருந்தாள். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் அதில் எழுதியிருந்தது.

நவம்பரில் புதியவர்களை முழு உறுப்பினராக்கும் சடங்குக்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு வாரம் உண்டு. ‘அர்ப்பணிப்பு வாரம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த வாரம் புதியவர்கள் சாப்பாட்டு மேசையில் உட்காரக்கூடாது. மூத்தவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை சுவரோரம் வரிசையாக நிற்க வேண்டும். பிறகு அந்த வீட்டுச் சகோதரிகள் அத்தனை பேரின் பெயரையும் ஊரையும் தப்பில்லாமல் ஒப்பிப்பவளுக்குத்தான் தட்டு கிடைக்கும். சமையற்கட்டுப் பக்கம் போய்ப் பேசக்கூடாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஆரம்பித்து வைத்தது, வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே வந்தது. கடைசி வரிசை நாற்காலிகளை எடுத்து உள்ளே போடும்படி வெர்னாவிடம் சொல்வார்கள். அவளும் எடுத்துப் போடுவாள். வசதியான வீட்டுப் பெண்களின் விளையாட்டு, நமக்கென்ன என்று இருந்துவிட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் தட்டுகளை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்கு வந்த மேரன் அப்படியே சரிந்தாள். தட்டுகள் நொறுங்கிய சத்தம் கேட்டு வெர்னா ஓடிப் பார்த்தால், பெண்ணின் முகம் வெளிறி, உடம்பெல்லாம் வேர்த்து நனைந்திருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. பேச்சு மூச்சில்லாதவள் வாயில் ஜூஸ் ஊற்றக்கூடாது என்று வெர்னாவுக்குத் தெரியும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, இறங்கிப்போன சர்க்கரை ஏறட்டும் என்று தேனை விரலில் தொட்டு அவள் கன்னத்தின் உட்புறம் தடவினாள்.

சங்கத்தின் தலைவி பேஜ் ஹாலண்டர் அதற்குள் வந்துவிட்டாள். சட்டம் படிக்கப் போகிறவள், எதற்கும் பதறாதவள். வெர்னா சுவரிலிருந்த தொலைபேசியை எடுத்ததும் அவள் குறுக்கே வந்து நின்றாள்.

“மிஸ் வெர்னா, ஆம்புலன்ஸ் வேணாம். வந்தா போலீஸ்ல பதிவாகிடும். என் கார்லயே கூட்டிட்டுப் போறோம்.”

“நகரு கண்ணு,” என்றாள் வெர்னா. பேஜ் நகரவில்லை. வெர்னா அவளைத் தோளால் ஒதுக்கிவிட்டு எண்ணை அழுத்தினாள்.

ஆம்புலன்ஸ் ஏழு நிமிஷத்தில் வந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்று அதில் வந்தவர் சொன்னார். மேரன் அன்றைக்கே கண் விழித்துவிட்டாள்.

மறுநாள் காலை பேஜ் அடுப்படிக்கு வந்தாள். கூடவே சங்கத்தின் பழைய உறுப்பினரும் இப்போதைய ஆலோசகருமான ஓர் அம்மையார். கையில் தட்டச்சு செய்த ஒரு தாள். மேரன் உடம்பு இளைப்பதற்காகத் தானாகவே சாப்பாட்டைத் தவிர்த்து வந்தாள், சமையற்காரி அதைக் கவனித்திருக்கிறாள் என்று அதில் இருந்தது. கீழே வெர்னாவின் பெயரும் ஒரு கோடும். ஆலோசகர் அம்மையார் தன்மையாகத்தான் பேசினார். இத்தனை வருஷம் இந்த வீடு உங்களை நல்லபடியாக வைத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டார். வைத்துக்கொண்டது என்றாள் வெர்னா. பிறகு தாளைத் திருப்பி அவரிடமே கொடுத்துவிட்டு, ஈஸ்ட் ஊறிவிட்டது, மாவு பிசைய வேண்டும் என்றாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் சரியாகப் பேசவில்லை. கணவன் டெல்பர்ட் தானியக் கிடங்கில் முப்பது வருஷம் உழைத்து முட்டி தேய்ந்து வீட்டில் இருப்பவன். என்ன விஷயம் என்று அவன் கேட்கவே இல்லை. அவளே சொல்லி முடித்த பிறகு ஒன்று மட்டும் கேட்டான்.

“அந்தப் பொண்ணு நம்ம பொண்ணா இருந்தா?”

“அதான் டெல்பர்ட். அதையே யோசிச்சு யோசிச்சுத்தான் தூக்கம் வரல.”

திங்கட்கிழமை அவள் தேவாலயத்துக்குப் போடும் கோட்டை மாட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்தின் மாணவர் ஒழுங்கு அலுவலகத்துக்குப் போனாள். விசாரணை அதிகாரி கர்டிஸ் ஏம்ஸ் ஒல்லியான, மெதுவாகப் பேசும் மனிதர். இரண்டு மணி நேரம் கேட்டு எழுதிக்கொண்டார். பெயர் வெளியே வராமலும் புகார் கொடுக்கலாம், அதற்கு வழி இருக்கிறது என்று விளக்கினார். வெர்னா கைப்பையை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

“பேரப் போட்டுக்குங்க. பேரில்லாம சொன்னா, அந்த வீட்டுல சொல்லிருக்கக்கூடிய பொண்ணுங்க மேலெல்லாம் சந்தேகம் போகும். நான் கிழவி. என்னைய என்ன பண்ணிடுவாங்க?”

மூன்று வாரம் கழித்து விசாரணை. குழுவில் ஐந்து பேர்: இரண்டு மாணவர்கள், இரண்டு பேராசிரியர்கள், ஓர் அலுவலக ஊழியர். நீண்ட மேசையின் ஒரு பக்கம் பேஜும் சங்கத்தின் மற்ற நிர்வாகிகளும் கறுப்பு உடையில் வரிசையாக இருந்தார்கள். அவர்கள் எல்லோருடைய வாயிலும் ஒரே கதைதான் இருந்தது: யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, அது ஒரு பழைய வழக்கம், மேரனுக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லை. மேரன் தன் பங்கை நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். அவளோடு சேர்ந்த மற்றப் புதியவர்கள் பதினேழு பேரில் ஒருத்திகூட வாய் திறக்கவில்லை.

பிறகு வெர்னா. அவள் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள், ஒரு வார்த்தை கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டதையும் சொன்னாள். சாட்சியைக் கேள்வி கேட்கப் பேஜுக்கு உரிமை இருந்தது. அவள் தயாராகத்தான் வந்திருந்தாள்.

“மிஸ் வெர்னா, இந்த வாரம் ஆறு வருஷமா நடக்குது. ஆறு வருஷமும் நீங்க அங்கதான் இருந்தீங்க. அது ராகிங்னு உங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருந்தா, ஏன் ஒருதடவைகூடச் சொல்லல?”

கர்டிஸ் தலை குனிந்து தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாட்சியை உடைக்க இதைவிட நல்ல கேள்வி கிடையாது என்று அவருக்குத் தெரியும்.

வெர்னா தண்ணீர் குடித்தாள்.

“சொல்லல. சொல்லியிருக்கணும். உக்காரக்கூடாதுன்னு நாற்காலிய எடுத்து உள்ள போட்டது நான்தான். ஆறு வருஷமும் நான்தான் போட்டேன். என் கண்ணு முன்னாடி பசியோட நின்ன பொண்ணுங்களப் பாத்துட்டு நான் பாட்டுக்குப் பாத்திரம் கழுவினேன். அதையும் எழுதிக்குங்க.” விசாரணைக் குழுத் தலைவரைப் பார்த்து அதைச் சொன்னவள், பேஜ் பக்கம் திரும்பினாள். “ஆனா ஒண்ணு. என் தப்பு உன் தப்பக் கழுவிடாது கண்ணு. நான் என்னோடதச் சொல்லிட்டேன். இப்ப உன் முறை.”

பேஜ் தன் குறிப்புத் தாளை மடித்து வைத்தாள். அவளுக்குப் பின்னால் புதியவர்கள் வரிசையில் உயரமான ஒரு பெண் கையைத் தூக்கி, நானும் சொல்ல வேண்டும் என்றாள். அவளுக்குப் பிறகு இன்னொருத்தி. அன்று மாலைக்குள் பதினொரு பேர் பேசிவிட்டார்கள்.

சங்கத்தின் அங்கீகாரத்தை நான்கு வருஷத்துக்குப் பல்கலைக்கழகம் எடுத்துவிட்டது. பேஜுக்கு ஒரு பருவம் படிப்பு நிறுத்தம்; மற்ற நிர்வாகிகளுக்கு எச்சரிக்கையோடு கண்காணிப்பு. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மஞ்சள் வீட்டைப் பூட்டினார்கள். வெர்னாவின் வேலையும் அதோடு போயிற்று.

ஊர் சும்மா இருக்கவில்லை. கடையில் பழைய உறுப்பினர் ஒருத்தி அவளைக் கண்டதும் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு வரிசைக்குப் போனாள். தேவாலய விற்பனைக்கு அவள் செய்த சர்க்கரையும் பாலேடும் சேர்த்துச் சுடும் ‘பை’ என்ற பலகாரம் இரண்டு அந்த வருஷம் முதல்முறையாக விலை போகாமல் கிடந்தன. டெல்பர்ட் இரண்டையும் தானே வாங்கி, முடிதிருத்தும் கடைக்கு எடுத்துக்கொண்டு போய், அங்கிருந்த அத்தனை பேருக்கும் வெட்டிக் கொடுத்தான். எதற்கு விருந்து என்று கேட்டவர்களுக்கு, “என் பொண்டாட்டி பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டா, அதுக்கு,” என்றான். இதை வெர்னா இரண்டு மாதம் கழித்து வேறு ஒருவர் சொல்லித்தான் கேள்விப்பட்டாள். அன்றைக்கு அவனுக்குப் பிடித்த பன்றிக்கறி வறுத்து வைத்தாள்.

பிப்ரவரியில் பல்கலைக்கழகத்தின் பொது உணவுக்கூடத்தில் முட்டை பொரித்துத் தரும் இடத்தில் வேலை கிடைத்தது. காலையில் அறுநூறு பேர் வரிசை. மேரன் அடிக்கடி வருவாள். இரண்டு முட்டை, ஒரு ரொட்டி என்று கேட்காமலே தட்டு தயாராகிவிடும். அந்த வேலையால் இன்னொன்றும் நடந்தது. வெர்னா இப்போது பல்கலைக்கழகத்தின் ஊழியர்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு காலை கர்டிஸ் ஏம்ஸ் தட்டோடு வரிசையில் நின்றார். அவர் முறை வந்ததும், விசாரணைக் குழுவில் ஊழியர் இடம் ஒன்று காலியாகிறது, நீங்கள் வருவீர்களா என்று கேட்டார். வெர்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நான் பள்ளிக்கூடத்தத் தாண்டல மிஸ்டர் ஏம்ஸ். பேராசிரியருங்களோட உக்காந்து நான் என்ன தீர்ப்புச் சொல்ல?”

“அவங்களுக்குப் புத்தகம் தெரியும். ஒரு வீட்டுக்குள்ள என்ன நடக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும். முட்டைய நல்லா வேக வைங்க.”

ஆறு நாள் பயிற்சி. விதிப் புத்தகத்தை டெல்பர்ட்டை வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்தாள். புரியாத இடத்தில் அவன் தூங்கிவிடுவான். அதை வைத்தே எது கடினமான பகுதி என்று அடையாளம் போட்டுக்கொண்டாள்.

அவள் உட்கார்ந்த முதல் வழக்கு ஆண் பிள்ளைகளுக்கான ஒரு மாணவர் சங்கத்துடையது. புதியவர்களைக் குளிரில் ஏரிக்குள் இறக்கியதாகப் புகார். கழுத்துப்பட்டையோடு வந்த எட்டு இளைஞர்களும், யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, விருப்பப்பட்டவர்கள்தான் இறங்கினார்கள் என்றார்கள். பேராசிரியர்கள் விதிகளைக் கேட்டார்கள், தேதிகளைக் கேட்டார்கள். கடைசியாகத் தலைவர் வெர்னாவைப் பார்த்தார்.

“மாட்டேன்னு சொன்னவன் யாராவது உண்டா?” என்று கேட்டாள் வெர்னா.

ஒருவன் இருந்தான் என்றார்கள்.

“அவன் இப்ப உங்க சங்கத்துல இருக்கானா?”

“இல்ல,” என்றான் ஓரத்தில் இருந்தவன். அதற்கு மேல் யாரும் அதிகம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அவள் கையில் சிக்கினால் தண்டனைதான் என்று நினைத்தவர்களும் ஏமாந்தார்கள். இன்னொரு சங்கத்தின் மேல் வந்த புகாரில் எல்லோரும் குற்றம் உறுதி என்றபோது, சாட்சி சொன்ன பையன் அந்த வாரம் ஊரிலேயே இல்லை என்பதை அவள்தான் தாள்களிலிருந்து எடுத்துக் காட்டினாள். ஒழுங்காக நடந்துகொண்ட வீட்டைத் தண்டித்தால் அடுத்த வீடு ஏன் ஒழுங்காக இருக்கப் போகிறது என்று கேட்டாள். அந்தச் சங்கம் விடுவிக்கப்பட்டது.

நான்கு வருஷம் முடிந்து மஞ்சள் வீடு மறுபடி திறந்தது. புதிய நிர்வாகிகள் நேரில் வந்து, திரும்பி வாருங்கள் என்று அழைத்தார்கள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஒரு வீட்டின் சமையற்காரியாக இருந்துகொண்டு எல்லா வீடுகளையும் விசாரிக்கும் மேசையில் உட்கார முடியாதே. யோசிக்க ஒரு நாள் கேட்டாள். மறுநாள் நூடுல்ஸ் செய்யும் பக்குவத்தை எழுதி அனுப்பிவிட்டு, மேசையிலேயே இருந்துவிட்டாள்.

ஒன்பது வருஷம், முப்பத்தொரு வழக்கு. அவள் ஓய்வு பெற்ற அன்று பல்கலைக்கழகம் ஒரு சின்ன விருந்து வைத்தது. மேரன் சிகாகோவிலிருந்து கைக்குழந்தையோடு வந்திருந்தாள். டெல்பர்ட் தடியை ஊன்றிக்கொண்டு, கல்யாணத்துக்குப் பிறகு மூன்றாவது முறையாகக் கோட்டு சூட்டில் வந்திருந்தான். உங்கள் மனைவியைப் பற்றி இரண்டு வார்த்தை என்று கர்டிஸ் அவனைக் கூப்பிட்டார்.

“முப்பத்தொரு வழக்குல பாதிப் பேராவது இவகிட்டத் தப்பிச்சிருப்பாங்க,” என்றான் டெல்பர்ட். “வீட்டுல நாப்பத்தாறு வருஷம், நான் ஒரு வழக்குலகூடத் தப்பிக்கல.”

கூடம் முழுக்கச் சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திவிட்டு, வெர்னாவுக்குப் பக்கத்தில் போய் நிமிர்ந்து நின்றுகொண்டான்.