ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு குடித்தனம்

தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்கள் அவை. நான் வேலை பார்த்த டீ ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. மீதி நாட்களில் சும்மா இருக்கப் பிடிக்காமல், கோத்தகிரி பஜாரில் ஒரு மாடி அறை எடுத்து நானும் மனைவியும் கம்ப்யூட்டர் சென்டர் போட்டோம். சென்டர் என்ற பெயருக்கு இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் இரண்டு குடித்தனம். விண்டோஸ் பக்கம் அவளுடையது. கல்யாணப் பத்திரிகை அடிப்பாள். லினக்ஸ் பக்கம் என்னுடையது, வகுப்பு எடுத்தேன். மலையிலேயே லினக்ஸ் தெரிந்தவன் நான்தான் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வேறு.

வம்பு என்னவென்றால், லினக்ஸ் எழும்போதெல்லாம் அவளுடைய டிஸ்க்கையும் தானாகவே திறந்து என் முன்னால் வைத்துவிடும். ஒரு நாள் காலை என் லினக்ஸ் பக்கம் இடம் போதவில்லை என்று அதற்குள் நுழைந்து துழாவினேன். ஒரு ஃபைலைத் திறந்தால் ஒரே கோழிக் கிறுக்கல். அவளுடைய தமிழ் எழுத்துரு என் லினக்ஸில் இல்லை என்பது மரமண்டைக்கு உறைக்கவில்லை. வைரஸ் என்று முடிவு கட்டி அழித்துவிட்டு, அதைப் பெருமையாக அவளிடம் சொன்னேன்.

"ஏனுங்க, அது பத்திரிகைங்க! பதினோரு மணி பஸ்ஸுக்குக் கல்யாணப் பொண்ணே அதப் பாக்க வருதுங்க!"

கொழுந்து பறிக்கும் வீட்டுப் பெண். விலை விழுந்ததில் இரண்டு முறை தள்ளிப்போன கல்யாணம். இது மூன்றாவது தேதி. பத்திரிகை அழிந்ததை அபசகுனம் என்று எடுத்துக்கொண்டு மறுபடியும் நிறுத்திவிட்டால்?

மனைவி என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். அதே ஃபைலில் இரண்டு தடவை தேதி மாற்றியவள் அல்லவா, தாய்மாமன் பெயர்வரை மனப்பாடம். பஸ் வருவதற்குள் அடித்து முடித்துவிட்டாள்.

வந்த பெண் படித்துப் பார்த்தாள். "அக்கா, இது மொதல்ல வெச்ச தேதிங்க."

மனப்பாடத்தில் பழைய தேதியையே அடித்துவிட்டிருந்தாள் என் மனைவி. எனக்கு வாய் நிற்காது. நடந்ததை எல்லாம் உளறிக் கொட்டிவிட்டேன். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நின்னுபோன தேதியெல்லாம் அதோட போயிருச்சுங்களா அண்ணா? அப்பாடா! திருஷ்டி கழிஞ்சுதுன்னு அம்மாகிட்டச் சொல்லிக்கறனுங்க."

அந்தப் பெண்ணைக் கட்டியணைத்துக்கொள்ளலாம்போல இருந்தது என் மனைவிக்கு. எனக்கோ போன உயிர் திரும்பியது.

தேதியைத் திருத்தி வாங்கிக்கொண்டு அவள் போனதும் மனைவியின் தீர்ப்பு வந்தது. "என்ற டிஸ்க்கு இனி உங்க கண்ணுலயே படக்கூடாதுங்க."

எழும்போது எந்தெந்த டிஸ்க்கைத் திறப்பது என்று லினக்ஸ் படிக்கும் பட்டியல் ஒன்று உண்டு. அதில் அவளுடைய வரிக்கு முன்னால் # என்று ஒரு ஹேஷ் போட்டேன். அது இருந்தால் அந்த வரியைக் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடும். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி எழுப்பினோம். அவள் டிஸ்க் வரவே இல்லை. இருவரும் கைதட்டினோம்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. பந்தியில் மனைவி என் விலாவில் இடித்தாள். மணப்பெண்ணின் கன்னத்தில் கறுப்பாக ஒரு திருஷ்டிப் பொட்டு.

"அங்கயும் ஒரு ஹேஷ் போட்டிருக்காங்க, பாருங்க" என்றாள். எனக்குப் பாயசம் மூக்கில் ஏறிவிட்டது.