வாளியில்தான் பால்

தம்பி பிள்ளைகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் பண்ணைக்கே அவள் அத்தையாகிவிட்டாள். மீசை பாதி நரைத்த லாயக்காரர்கூட, "அத்தை, கடைசிக் கொட்டடிக் குட்டிக்கு வயிறு போகுது" என்றுதான் வந்து நிற்பார். அவருக்கு அவளைவிட வயது கூடுதல் என்பதை இருவருமே மறந்து வெகுகாலம் ஆயிற்று.

பந்தயக் குதிரை வளர்க்கிற பண்ணை. வாங்க வருகிறவர்களோடு மல்லுக்கட்டுவது தம்பி பாடு. தாய்க்குதிரைகளும் குட்டிகளும் அத்தை பாடு. விடிந்தும் விடியாததுமாய்க் கொட்டடி கொட்டடியாய் எட்டிப் பார்ப்பாள். குட்டிகளின் காலைத் தடவி, மூட்டில் சூடு இருக்கிறதா என்று பார்ப்பாள். தொட்டியில் தீவனம் மிச்சம் கிடந்தால், ஏன் என்று தெரிகிறவரை அங்கிருந்து நகரமாட்டாள். யாராவது ஒரு குட்டியின் மூக்கைத் தடவிக் கொஞ்சிவிட்டால் போச்சு. ஒருநாள் லாயக்காரரே மாட்டிக்கொண்டார்.

"என்ன, கல்யாணம் பண்ணிக்கப் போறீங்களா அத? கைய எடுங்க. இன்னிக்கு நாய்க்குட்டி மாதிரி இருக்கும். நாளைக்கு மேல ஏறினா தாங்குவீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு குதிரை லத்தி அள்ளப் போய்விட்டார்.

அந்த வருஷம் ஒரு பழுப்புக் குதிரை, குட்டி போட்ட கையோடு செத்துப்போனது. பால் கொடுக்க வேறு தாய் கிடைக்கவில்லை. அத்தை சட்டம் போட்டாள்: வாளியில்தான் பால். சுவரில் மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். பால் மனுஷன் கையிலிருந்து வருகிறதென்று குட்டிக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் அது தன்னையும் மனுஷனென்றே நினைத்துக்கொள்ளும்.

முதல் நாள் குட்டி வாளியில் வாய் வைக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றது. எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன நேரம், இன்றைக்கு ஒருநாள் மட்டும் என்று அவள் பால் புட்டியைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள். மறுநாளும் போனாள். குட்டி வாளியில் குடிக்கப் பழகின பிறகும் போனாள். காலடிச் சத்தம் கேட்டதுமே அது கனைக்கும். முன்னங்கால் இரண்டையும் தூக்கி அவள் தோளில் போடும். "அடி கழுதை" என்று அவள் சிரிப்பாள். அவள் அப்படிச் சிரித்து அந்தக் குட்டியைத் தவிர வேறு யாரும் பார்த்ததில்லை.

மாதங்கள் போயின. குட்டி இரண்டு ஆள் கனம் ஆயிற்று. ஒருநாள் காலை, காலி வாளியை எடுக்கக் குனிந்த லாயக்காரர் முதுகில் அது ஆசையாய் ஏறியது. தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது.

தம்பி ஓடி வந்து லாயக்காரரிடம் எகிறினான். "அக்கா தலைதலையா அடிச்சுக்கிட்டாங்களே! செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க. இனி இத யாரு வாங்குவா? தோள் சரியானதும் வேற இடம் பாத்துக்குங்க."

"நான் இல்ல முதலாளி. அன்னிக்குத் திட்டு வாங்கினதோட சரி, அது மூக்கக்கூடத் தொட்டதில்ல. அத்தையக் கேளுங்க."

எல்லாக் கண்ணும் அவள் பக்கம் திரும்பியது.

"முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதுதான் அவளை அரித்தது. பொறுப்பான பேச்சு என்பதுபோல் எல்லோரும் தலையாட்டினார்கள்.

தீவன அறையில் மூட்டைக்குப் பின்னால் புட்டி கிடந்தது. அதைக் கழுவினாள். கழுவினதையே திரும்பவும் கழுவினாள்.

சாயங்காலம் அவர் கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, துணிமணி எடுக்க வந்தார். முகத்தில் கோபமில்லை. "அத்தை, கருப்புக் குதிரைக்குக் குளம்பு வெட்டணும், மறந்துராதீங்க" என்றார்.

அவள் குட்டியின் கொட்டடிக்கு எதிரே இருந்த வேலிக்குள் போய் நடுவில் நின்றுகொண்டு, "தம்பி, குட்டியத் திறந்து விடு" என்றாள்.

"உனக்கென்ன பைத்தியமாக்கா?"

"விடுன்னா விடு."

குட்டி யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கனைத்துக்கொண்டு நேரே அவளிடம் ஓடி வந்து முன்னங்கால்களைத் தூக்கியது. அவள் விலகினாள்; குளம்பு சட்டைக்கையைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. உடனே அவள் கக்கத்தில் மூக்கை நுழைத்து, புட்டி இருக்கிற இடத்தைத் தேட ஆரம்பித்தது.

தம்பிக்குப் புரிய நேரம் பிடித்தது. லாயக்காரருக்கு நேரம் பிடிக்கவில்லை.

"என்ன அத்தை, கல்யாணம் பண்ணிக்கப் போறீங்களா அத?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவர் கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"அவர் எங்கயும் போகவேண்டாம்" என்று தம்பியிடம் சொன்னாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள்.

மறுநாள் குட்டியை ஒரு கிழட்டுக் குதிரையோடு விட்டார்கள். மேலே ஏறப் போனால் அது உதைக்கும்; குட்டிக்கு மரியாதை தெரிய வேறு வழியில்லை. பால் நேரத்துக்கு அத்தை பழக்கதோஷத்தில் வாளியை எடுத்தாள். லாயக்காரர் ஒற்றைக் கையால் அதை வாங்கிக்கொண்டார்.

"நீங்க அந்தப் பக்கம் போய் நில்லுங்க. உங்களப் பாத்தா குடிக்காது."

தீவன அறைக்குப் பின்னால் போய் நின்றாள். கொட்டடிக்குள் உதை விழுகிற சத்தமும், குட்டி வீறிடுகிற சத்தமும் கேட்டன. பிறகு அது கனைத்தது, அவளைக் கூப்பிடுகிற அதே கனைப்பு. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.