ஏழாவது மாடி வாசனை

பாஞ்சாலியக்கா இறந்து இன்றோடு முப்பத்திரண்டு நாள். காய்ச்சல் என்று திங்கட்கிழமை லீவு சொன்னார். வியாழக்கிழமை காலை அவர் கணவர் வெங்கடசாமி அண்ணன் எனக்குப் போன் செய்தார். எங்கள் அலுவலகத்தில் யாராவது இறந்தால் எல்லாருக்கும் ஒரு மின்னஞ்சல் போகும். ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் ஒப்பந்தக் கம்பெனியைச் சேர்ந்தவர்கள் என்பதால் அவருக்காக அப்படி எதுவும் போகவில்லை. நான் வரவேற்பு மேசையில் உட்காருபவள். மின்னஞ்சல் அனுப்பும் அதிகாரம் எனக்குக் கிடையாது. இதை மட்டும் எழுதலாம்.

அவருக்கு நாற்பத்தாறு வயது. அல்சூர் பக்கம் பிறந்து வளர்ந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு ஈஜிபுராவில், மூன்றாம் மாடியில் ஓர் அறையும் சமையல்கட்டும். ஓசூர் ரோட்டில் உள்ள எங்கள் கட்டடத்தில் ஆறாவது, ஏழாவது மாடிக் கழிவறைகள் பல வருடமாக அவர் பொறுப்பு. குள்ளமான உருவம், வேகமான நடை. ஹேண்ட்வாஷில் யாராவது தண்ணீர் கலந்தால் கதவைத் திறந்ததுமே மோப்பத்தில் கண்டுபிடித்துவிடுவார். மற்றவர்கள் முன்னால் என்னை "மேடம்" என்பார். பதினொன்றரை மணிக்கு டீக் கப்போடு பான்ட்ரிக்குப் பின்னால் நின்றால் நான் "கிருத்தி" ஆகிவிடுவேன்.

"இத்தினி வருசத்துல இந்த ஜனம் என்னாண்ட பேசினது மூணே பேச்சுதான் கிருத்தி," என்றார் ஒருநாள். "டிஷ்யூ இல்ல. தண்ணி வரல. தாப்பா விழல. நாலாவதா யாராச்சும் ஒண்ணு கேட்டாங்கன்னா சொல்றேன் உனக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பிறகு அவர் செய்ததெல்லாம் அந்த நாலாவது பேச்சுக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு, மகளிர் தினத்தன்று, ஏழாவது மாடியில் வாசனை மெழுகுவத்தி வகுப்பு ஒன்று வைத்தார்கள். வீட்டிலேயே செய்வது எப்படி என்று, ஒன்றுமே தெரியாதவர்களுக்கான இரண்டு மணி நேர வகுப்பு. முப்பது பெண்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சிந்தினால் துடைக்க ஆள் வேண்டும் என்று அக்காவைச் சுவரோரமாக நிற்கச் சொன்னார்கள். சிந்தவும் செய்தது. உருகிய மெழுகு கார்ப்பெட்டில் கொட்டியதும் எல்லாரும் டிஷ்யூவைத் தேடினார்கள். அக்கா யாரையும் தொடவிடவில்லை. பான்ட்ரி ஃபிரீசரிலிருந்து ஐஸ் கொண்டுவந்து மெழுகின்மேல் வைத்தார். அது கெட்டியானதும் தன் அடையாள அட்டையின் விளிம்பால் நெம்பி ஒரே சில்லாகப் பெயர்த்து எடுத்தார். டீச்சரம்மா "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார்.

மறுநாள் டீ நேரத்தில் அக்கா முழு வகுப்பையும் எனக்கு ஒப்பித்தார்.

"மெழுகை நேரா அடுப்புல வெக்கக் கூடாது. பெரிய ஏனத்துல தண்ணி, அதுக்குள்ள சின்ன ஏனம், அதுல மெழுகு. உருகினதும் எறக்கிடணும். எறக்கின சூட்டோட சென்ட்டு ஊத்துனா வாசனை ஆவியாப் பூடும். ரொம்ப ஆறவிட்டா ரெண்டும் ஒட்டாது. நடுவுல ஒரு நேரம் இருக்கு பாரு, அதைப் புடிக்கறதுதான் வேலையே."

"நீங்க சும்மா நின்னுட்டுதானே இருந்தீங்க?"

"நின்னாத்தான் எல்லாம் தெரியும். உக்காந்தவங்களுக்கு முன்னாடி இருக்கறவ தலைதான் தெரியும்."

இரண்டு கிலோ சோயா மெழுகும் திரி நூலும் என் போனில் ஆர்டர் போட்டோம். சூடு பார்க்கும் கருவியும் போடட்டுமா என்றேன். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இருக்கிறதே என்றார். அது வெடித்துவிடும் என்று சொன்ன பிறகும் கருவி வாங்கவில்லை. பாத்திரத்தின் ஓரத்தில் பாலாடை போல மெல்லிய வெள்ளை படரும்போது ஊற்ற வேண்டும் என்று தானாகவே கண்டுபிடித்தார். அதற்குள் எட்டு மெழுகுவத்திகள் வீணாயின. சூடாக ஊற்றியதில் சிலவற்றின் நடுவில் குழி விழுந்தது. ஈரம் போகாத பாட்டிலில் ஊற்றியது, கொளுத்தியதும் படபடவென்று பொரிந்தது. பான்ட்ரியில் தூக்கிப் போடும் ஜாம் பாட்டில்களைக் கழுவி, வெயிலில் காயவைத்து எடுத்துப் போவார். திரி சாயாமல் நிற்க மேலே துணி கிளிப் மாட்டுவார். ஊற்றியதைப் பதினைந்து நாள் மூடி வைத்தால்தான் வாசனை மெழுகில் ஊறும் என்று டீச்சரம்மா சொல்லியிருந்தார். மூடியில் டேப் ஒட்டித் தேதி எழுதி வைப்பார்.

என்ன வாசனை என்பதை மட்டும் அவர் யாரிடமும் கேட்கவில்லை. தரை துடைக்கும் திரவம் வரும் கேனின் மூடியை ஒரு கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு சிட்டி மார்க்கெட் பக்கம் போனார். அங்கே சோப்புக்கும் பினாயிலுக்கும் சரக்கு விற்கும் சந்து ஒன்று இருக்கிறது. கடைக்காரரிடம் மூடியை நீட்டி, இதே வாசனை வேண்டும் என்றார். அவரும் மோந்து பார்த்து, அதே லாவெண்டர் எண்ணெயைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார்.

"ஏழாவது மாடியை முடிச்சுட்டு வெளிய வந்து கதவைச் சாத்துறப்ப ஒரு வாசனை வரும் பாரு," என்றார் என்னிடம். "வேலை முடிஞ்ச வாசனை. அதைவிட நல்ல வாசனை இன்னா இருக்குது?"

குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று ஒன்றைக் கொளுத்திக் காட்டினார். எனக்கு உடனே தெரிந்தது. அது எங்கள் கழிவறை. கண்ணை மூடினால் கை காய வைக்கும் இயந்திரத்தின் சத்தம்கூடக் கேட்டிருக்கும். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்குக்கா," என்றேன்.

வீட்டில் கேட்டாலும் பிரயோசனமில்லை. வெங்கடசாமி அண்ணன் பெயிண்டர். தின்னரைத் தவிர எந்த வாசனையும் தன் மூக்கில் ஏறாது என்று அவரே சொல்வார்.

அந்த வருடத் தீபாவளி வாரத்தில் கீழ்த்தளத்தில் மேளா வைத்தார்கள். ஊழியர்கள் தாங்கள் செய்த பலகாரம், கம்மல், பை என்று கடை போடுவார்கள். அக்கா ஃபெசிலிட்டி மேனேஜர் க்ளென் சாரிடம் போய் நின்றார்.

"என்ன பாஞ்சாலி, பிசினஸ் லேடி ஆயிட்டியா?" என்றார் அவர். "போட்டுக்கோ. ஒண்ணே ஒண்ணு கொளுத்து, போதும். அலாரம் அடிச்சா உன்னையும் என்னையும் சேர்த்துத் தூக்கிடுவாங்க."

"அன்னிக்கு ஒரு நாளு மட்டும் யூனிஃபார்ம் வேணாம் சார்."

"அன்னிக்கு நீ என்ன வேணா போட்டுக்கோ."

மாம்பழ நிறத்தில் ஒரு சேலை கட்டிக்கொண்டு வந்தார். என் மேசையிலிருந்து பத்தடி தள்ளி, நாற்பது ஜாம் பாட்டில்களை வரிசையாக அடுக்கினார். முதலில் நான் ஒன்று வாங்கினேன். க்ளென் சார் ஒன்று வாங்கினார். பிறகு அக்கா ஒன்றைக் கொளுத்தி வைத்தார். கூடத்தில் வாசனை மெதுவாகப் பரவியது.

ஏழாவது மாடியில் வேலை செய்யும் பரத் என்ற கோயம்புத்தூர்ப் பையன் இரண்டு நண்பர்களோடு அந்தப் பக்கம் வந்தான். மூக்கைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

"டேய், நம்ம ஃப்ளோர் ரெஸ்ட்ரூம் வாசனை இங்க எப்படிடா வருது?"

மூன்று பேரும் சிரித்தார்கள். அடுத்த கடையில் முறுக்கு விற்றுக்கொண்டிருந்த பெண்ணும் சிரித்தாள். அதன் பிறகுதான் அவன் மேசைக்குப் பின்னால் நின்றவரை நிமிர்ந்து பார்த்தான். சேலையில் அடையாளம் தெரிய ஒரு நொடி ஆனது. தெரிந்ததும் முகம் செத்துப் போயிற்று.

"அக்கா... சாரிங்க்கா. ஒரு நாலு குடுங்க்கா," என்று பர்ஸை எடுத்தான்.

"வாசனை புடிக்கலன்னு இப்பத்தானே சொன்னீங்க."

"இல்லீங்க்கா, சும்மா..."

"புடிக்காததை எதுக்கு சார் வாங்கறீங்க? உங்களுக்கு இன்னா வாசனை புடிக்கும், அதைச் சொல்லுங்க."

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "துவைச்ச துணி வாசனைங்க்கா."

"அதுலயும் லாவெண்டர்தான் சார் போடறான்."

"அப்ப எலுமிச்சை?"

"அது பாத்திரம் தேய்க்கறது."

"ரோஸ்?" என்றாள் முறுக்குக் கடைப் பெண்.

"ரோஸ் அஞ்சாவது மாடி ஹேண்ட்வாஷ். மல்லி ரூம் ஸ்ப்ரே. ஆரஞ்சு கண்ணாடி தொடைக்கறது."

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆளுக்கொரு வாசனை சொன்னார்கள். ஒவ்வொன்றும் எந்த மாடியில், எந்தக் கேனில் இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். இந்த முறை அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அதன் பிறகு ஒரு பாட்டில்கூட விற்கவில்லை. கேட்டவர்களுக்கும் கொடுக்கவில்லை. கொளுத்தியிருந்த திரியைக் கொண்டை ஊசியால் உருகிய மெழுகுக்குள் அமுக்கி அணைத்தார். எந்தத் தீயையும் வாயால் ஊத மாட்டார். மூன்று மணிக்கு முப்பத்தெட்டு பாட்டில்களையும் அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டி, யூனிஃபார்ம் மாற்றிக்கொண்டு ஆறாவது மாடிக்குப் போனார்.

சாயங்காலம் என் மேசைக்கு வந்து நான் கொடுத்த பணத்தைத் திருப்பி வைத்தார்.

"உனுக்குத் தெரியும்ல?"

"தெரியும்க்கா."

"அன்னிக்கே தெரியுமா?"

"ம்."

"அவன் சிரிச்சான், பரவால்ல. அவனுக்கு நான் யாரு? நீ சொல்லியிருந்தா நான் சேலை கட்டிக்கினு வந்து நிப்பனா?"

அவர் மனம் நோகக் கூடாது என்றுதான் சொல்லவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. கழிவறை கழுவுகிற ஒருத்தருக்கு இவ்வளவு வந்ததே போதும் என்று நான் எங்கோ நினைத்திருக்கிறேன். என்னோடு படித்தவள் யாராவது அதைக் கொண்டுவந்திருந்தால் உடனே சொல்லியிருப்பேன்.

ஒரு வாரம் டீ நேரத்திலும் நான் "மேடம்"தான். எட்டாம் நாள் அவர் ஒரு பாட்டிலை என் முன்னால் வைத்தார்.

"மோந்து பாருங்க மேடம். நிசம் சொல்லணும்."

மோந்து பார்த்தேன். "பாத்திர சோப்பு."

"இன்னும்?"

"பழைய பாத்திர சோப்பு. ஊறினது."

அவர் மூடியை மூடினார். "அப்பிடிச் சொல்லு கிருத்தி."

அதிலிருந்து அவருடைய மூக்கு நான்தான். அதற்கு முன்பு வேறு எந்த வேலைக்கும் என்னை இப்படி நம்பி யாரும் வைத்துக்கொண்டதில்லை. சந்தனம் பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவன் அடித்திருக்கும் ஸ்ப்ரே போல இருக்கிறது என்றேன். தள்ளிவிட்டார். காப்பித் தூள் கலந்தார். கருகிய வாடை வந்தது. ஏலக்காயைத் தட்டிப் போட்டார். தூள் திரியைச் சுற்றிச் சேர்ந்து தீப்பிடித்தது. எண்ணெய்தான் மெழுகோடு சேரும், பொடி சேராது என்று அப்போது தெரிந்தது. கடைசியில் அதே சந்தில் மரிக்கொழுந்து எண்ணெய் கிடைத்தது. முதல் தடவை நெடி அதிகம் என்றேன். மறு தடவை பாதியாகக் குறைத்தார். பதினைந்து நாள் கழித்துத் திறந்தபோது மோந்து பார்த்துவிட்டு, மறுபடியும் ஒரு தடவை மோந்தேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

இதற்கிடையில் ஏழாவது மாடிக்காரர்கள் அவரை நிறுத்திப் பேச ஆரம்பித்திருந்தார்கள். முதலில் வந்தவன் பரத்தான், மேளா முடிந்த நாலாம் நாள்.

"அக்கா, யோசிச்சுட்டேனுங்க. தீக்குச்சி அணைச்சதும் ஒரு வாசனை வருமில்லீங்களா, அதுதான் எனக்குப் புடிக்கும்."

"அதுக்கு மெழுகுவத்தி எதுக்கு சார்? தீப்பெட்டி வாங்கி ஒண்ணு ஒண்ணா அணைச்சுக்கினு உக்காருங்க."

பின்னொரு நாள் இதை என்னிடம் சொல்லிவிட்டு அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பெரிய வியாபாரம் எதுவும் ஆகிவிடவில்லை. மாதம் பத்துப் பன்னிரண்டு பாட்டில் போகும். துடைப்பத்தையும் அவர் விடவில்லை. வாஷ்பேசின் முன்னால் நின்று ஒரு மேனேஜரம்மா தன் வீட்டுத் திரி ஏன் புகைகிறது என்று கேட்பாராம். திரி நீளமாக இருக்கும், கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள் என்று இவர் மாப்பைப் பிடித்துக்கொண்டே சொல்வாராம்.

போன வாரம் வெங்கடசாமி அண்ணன் ஓர் அட்டைப் பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே ஆறு பாட்டில்கள். மூடிகளில் அக்காவின் கையெழுத்தில் தேதி. லீவு சொன்னதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. பெட்டியின்மேல் 'பரத் சார், புது வீடு' என்று எழுதியிருந்தது. அவன் சந்தாபுராவில் ஃபிளாட் வாங்கியிருக்கிறான்.

மாடிக்குப் போன் செய்தேன். இறங்கி வந்தான்.

"மெழுகுவத்தி அக்கா ரொம்ப நாளா காணோம்ங்களே. ஊருக்குப் போயிட்டாங்களா?"

சொன்னேன். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"மூணு வருசமாப் பேசிட்டு இருக்கோம்ங்க. அவங்க பேருகூட நான் கேக்கல."

"பாஞ்சாலி."

அவன் அந்தப் பெயரை ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். நான் ஒரு பாட்டிலைத் திறந்து மோந்தேன். இன்னொன்றைத் திறந்தேன். ஆறும் ஒரே மாதிரிதான்.

"மரிக்கொழுந்து வாசனை சரியா ஏறல," என்றேன். "மெழுகு ரொம்ப ஆறினப்புறம் எண்ணெயை ஊத்தியிருக்காங்க. காய்ச்சலோட செஞ்சிருப்பாங்க."

"அதெல்லாம் பரவாயில்லைங்க."

"பரவாயில்லன்னு சொல்லாதீங்க. மோந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

அவன் பாட்டிலை வாங்கி, முகத்தருகே கொண்டுபோய், நிதானமாக மூச்சை இழுத்தான்.

"ஆமாங்க," என்றான். "கம்மிதான்."